பிள்ளைகளின் எழுத்துக்கு வாசகர் வேண்டும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



தொடக்கப்பள்ளியில் நெடுங்காலம் பாடம் சொல்லித்தந்த ஓர் ஆசிரியையின் நினைவாக அவருடைய பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளை இது. அவர் நினைவைப் போற்றும் மேடையில் குழந்தைகளின் வாசிப்பையும் படைப்பெழுத்தையும் பற்றிப் பேசப் பணித்தமைக்கு நன்றி கூறுகிறேன்.

பிள்ளைகளிடம் வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது என்று ஒரு கூட்டத்தில் வருந்துகிறோம். பிள்ளைகளுக்கு நாலு வரி சொந்தமாக எழுத வரவில்லை என்று இன்னொரு கூட்டத்தில் வருந்துகிறோம். இரண்டையும் தனித்தனி நோயாகக் கருதி, முன்னதற்குப் புத்தகக் கண்காட்சியையும் பின்னதற்குக் கட்டுரைப் போட்டியையும் மருந்தாகக் கொடுக்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் கருத்து. நம் பிள்ளைகளைச் சோதிக்க ஆள் இருக்கிறார்கள், திருத்த ஆள் இருக்கிறார்கள். அவர்களுக்காக வாசிக்கவும் அவர்கள் எழுதியதை ஆவலோடு வாசிக்கவும் ஆள் இல்லை. முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரு பிள்ளை எத்தனை நோட்டுகளை எழுதி நிரப்புகிறது! அவற்றில் ஒரு பக்கத்தையாவது, இவள் என்ன சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையோடு யாரேனும் படித்திருப்பார்களா?

உடன் வாசிக்க ஒருவர் கிடைத்த குழந்தை வாசிக்கும். தன் எழுத்தை வாசிக்க ஒருவர் கிடைத்த குழந்தை எழுதும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதை ஏழு கருத்துகளாக விரித்துச் சொல்கிறேன்.

1. வாசிப்பு காதில் தொடங்குகிறது

குஜராத்தின் பாவநகரில் 1920இல் தட்சிணாமூர்த்தி பாலமந்திரைத் தொடங்கியவர் கிஜூபாய் பதேகா. அவர் எழுதிய ‘திவாஸ்வப்னா’, ‘பகல் கனவு’ என்ற பெயரில் தமிழிலும் கிடைக்கிறது. அதில் லட்சுமிராம் என்ற ஆசிரியர் நான்காம் வகுப்பு ஒன்றை ஏற்றுக்கொள்கிறார். அமைதி விளையாட்டு என்று அவர் திட்டமிட்டு வந்தது வகுப்பின் கூச்சலில் கரைந்துபோகிறது. பிறகு கதை சொல்லத் தொடங்குகிறார். அதே பிள்ளைகள் அடங்கி உட்கார்ந்து, மேலே சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். கதையின் ருசி பிடித்த பிறகுதான் அவர்கள் நடுவே புத்தகங்கள் வருகின்றன. ஆளுக்கொரு பாடநூல் வாங்கும் பணத்தைக் கொண்டு வகுப்புக்கென ஒரு நூலகமே அமைத்துவிடுகிறார். கதை முதலில், புத்தகம் அடுத்து என்ற அந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டுவதில் இன்னொரு பெரிய பயனும் உண்டு. வீட்டில் ‘வந்துட்டாங்க’ என்று பேசும் குழந்தை, புத்தகத்தில் ‘வந்துவிட்டனர்’ என்பதைப் பார்த்துத் திகைக்கிறது. தன் தாய்மொழியே தனக்கு அந்நியமாகத் தோன்றும் தருணம் அது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து குரலை ஏற்றி இறக்கி வாசித்தால் அந்தத் திகைப்பு போய்விடும். அதட்டலும் கெஞ்சலும் சிரிப்பும் குரலில் வந்துவிடுவதால், சொல்லின் பொருள் கேட்காமலே விளங்கும். இப்படிக் கேட்டுப் பழகிய காதுக்கு எழுத்துத் தமிழ் அச்சம் தராது.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பிள்ளை எழுத்துக்கூட்டக் கற்றவுடன், இனி நீயே படி என்று விலகிக்கொள்கிறோம். பிரெஞ்சு எழுத்தாளரும் பள்ளி ஆசிரியருமான தானியேல் பென்னாக் 1992இல் வெளியிட்ட நூலில் இந்த விலகலைத்தான் சுட்டிக்காட்டுகிறார். அதுவரை இன்பமாக இருந்த கதை அன்றிலிருந்து கடமையாகிவிடுகிறது. பிள்ளை தானே சரளமாகப் படிக்கும் வயதிலும் அதற்கு வாசித்துக் காட்டுவதை நிறுத்தாதீர்கள்.

2. தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கு

அதே பென்னாக் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். படிக்காமல் இருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை, பாதியில் மூடிவைக்கும் உரிமை, படித்ததையே திரும்பப் படிக்கும் உரிமை, எதை வேண்டுமானாலும் படிக்கும் உரிமை என்று அது நீள்கிறது. பெரியவர்களாகிய நாம் இவற்றைத் தினமும் அனுபவிக்கிறோம். பிடிக்காத நாவலை மூடிவைத்ததற்காக யாரும் நம்மிடம் விளக்கம் கேட்பதில்லை. பிள்ளைகளுக்கு மட்டும், எடுத்த புத்தகத்தை முடி என்கிறோம். முடித்தால், அதன் நீதி என்ன என்று கேட்கிறோம்.

1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில் விக்கிரமாதித்தனும் வேதாளமும் வரும் பக்கத்தை முதலில் புரட்டிய பிள்ளைகளும், 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் வந்தபோது அதைப் பாடப்புத்தகத்துக்குள் மறைத்துப் படித்த பிள்ளைகளும் யாரும் சொல்லி வாசகரானவர்கள் அல்லர். தாங்களே தேடி எடுத்ததால் வாசகரானார்கள். படக்கதையில் தொடங்கியவர் அங்கேயே நின்றுவிடுவார் என்று அஞ்ச வேண்டியதில்லை. வாசிக்கும் பழக்கம் வந்தவருக்கு அடுத்த புத்தகம் தேவைப்படும்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதே ஆண்டில் மன்னார்குடியிலிருந்து மாட்டுவண்டியில் நூலகம் கிராமங்களுக்குப் புறப்பட்டது. 1948இல் விடுதலை இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டத்தை இயற்றியதும் சென்னை மாகாணம்தான். இவ்வளவு பெருமை உடைய மண்ணில், பல பள்ளிகளின் நூல்கள் இன்னும் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு புத்தகம் தொலைந்தால் இருப்புப் பதிவேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். அவர் பூட்டுவதில் வியப்பில்லை. கையாண்டு கிழிந்த நூலும் பயன்பட்ட நூல்தான் என்று கணக்கில் ஏற்க நிர்வாகம் முன்வந்தால் பூட்டு தானே திறக்கும். 2023இல் பள்ளிக்கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு சிறு கதைநூல்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்தது. வயதைப் பார்க்காமல் வாசிக்கும் திறனைப் பார்த்து நூல் தரும் இந்த முறை வரவேற்கத்தக்கது. எந்த நூலை எடுப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யும் இடத்தில்தான் அது முழுப்பயன் தரும்.

3. பிள்ளை தன் வாழ்வை எழுதட்டும்

இனி எழுத்துக்கு வருகிறேன். திண்டுக்கல் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு பிற்பகல் இருந்தேன். மழை பற்றி எழுதுங்கள் என்றதும் எல்லோரும் குனிந்து மளமளவென்று எழுதினார்கள். தாள்களை வாங்கிப் பார்த்தேன். மழை உயிர்களின் ஆதாரம், மரம் வளர்ப்போம் மழை பெறுவோம் என்று ஒரே வாக்கியங்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று ஒரே வரிசை. கீழே உட்கார்ந்து, போன மழைக்கு உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன். ஒரே கூச்சல். சொன்னதையே எழுதுங்கள், எப்படிச் சொன்னீர்களோ அப்படியே எழுதுங்கள் என்றேன். ஒரு சிறுமி இப்படி எழுதித் தந்தாள்: “ஓடு ஒலுகுற எடத்துல அம்மா குண்டான் வச்சாங்க. சொட்டு சொட்டுனு சத்தம். தம்பி தூங்கல. நான் குண்டானுக்குள்ள துணியப் போட்டேன். சத்தம் நின்னுருச்சு.”

ஒழுகும் கூரையை எல்லோரும் எழுதலாம். குண்டானுக்குள் துணியைப் போட்டுச் சத்தத்தை நிறுத்தியது அவள் மட்டுமே எழுதக்கூடியது. தம்பியின் மேல் அவளுக்குள்ள பிரியத்தை, பிரியம் என்ற சொல்லே இல்லாமல் அந்த ஐந்து வரிகள் சொல்லிவிடுகின்றன. படைப்பெழுத்து இதுதான். இது அவளிடம் ஏற்கெனவே இருந்தது. நம் கட்டுரை நோட்டில்தான் அதற்கு இடம் இல்லை.

நியூசிலாந்தில் மவோரி இனக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் 1963இல் வெளியான நூலில் தம் முறையை விவரித்தார். இன்று உனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்பார். அம்மா, பேய், முத்தம் என்று அது கேட்கும் சொல்லைக் கெட்டி அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் அந்தச் சொல்லைக் குழந்தை மறந்திருந்தால் அட்டையை எறிந்துவிடுவார். அது அதன் உள்ளத்துச் சொல் இல்லை என்று பொருள். அச்சமும் ஆசையும் தோய்ந்த சொற்களை ஒருமுறை பார்த்தாலே குழந்தைகள் மறப்பதில்லை என்று அவர் கண்டார்.

4. கற்பனையும் பழக்கத்தால் வளரும்

சொந்த வாழ்வை எழுதுவது ஒரு வழி. இல்லாததைக் கட்டியெழுப்புவது மறு வழி. குழந்தை எழுத்தாளர்களுக்கான ஆண்டர்சன் விருதை 1970இல் பெற்ற இத்தாலியரான ஜான்னி ரோதாரி, தொடர்பே இல்லாத இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கதை பிறக்கும் என்று 1973இல் வெளியிட்ட நூலில் காட்டினார். அவர் தரும் எடுத்துக்காட்டு நாயும் அலமாரியும். தமிழ் வகுப்பறையில் இது அருமையாக வேலை செய்யும். அலமாரியில் நாய், அலமாரியோடு நாய், நாய்க்கு அலமாரி, நாயின் அலமாரி என்று உருபை மாற்றிப் பாருங்கள். ஒவ்வொன்றும் வேறு கதை. மனப்பாடம் செய்து ஒப்பித்த வேற்றுமை உருபுகள் பிள்ளைகள் கையில் விளையாட்டுச் சாமான் ஆகிவிடும். கற்பனை சில பிள்ளைகளுக்கு மட்டும் பிறப்பில் வந்த வரம் என்று ஒதுங்கி நிற்க ஆசிரியருக்கு இனிக் காரணம் இல்லை.

5. எழுதியது வாசகரைச் சேர வேண்டும்

இந்த உரையின் நடுநாயகமான கருத்து இது. பிரான்சின் தெற்கே பார்-சூர்-லூ என்ற சிற்றூரில் செலஸ்தேன் ஃபிரெனே என்ற ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். வகுப்பில் நெடுநேரம் பேச மூச்சு இடம் தராது. பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றார். பார்த்ததை எழுதச் சொன்னார். 1924இல் வகுப்பறைக்குள்ளேயே ஒரு சிறிய அச்சுப்பொறியைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் எழுதியதில் எதை அச்சிடுவது என்பதைப் பிள்ளைகளே வாக்களித்துத் தீர்மானித்தார்கள். எல்லோரும் கூடித் திருத்தினார்கள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து மை தடவி அச்சிட்டார்கள். அந்தத் தாள்கள் நாட்டின் மறுகோடியில், பிரிட்டனிக் கடற்கரைப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு அஞ்சலில் போயின. அங்கிருந்து அந்தப் பிள்ளைகளின் எழுத்து வந்தது. தெற்கத்திப் பிள்ளை தன் ஊரை எழுதும்போது, அதைப் பார்த்தே இராத ஒரு பிள்ளைக்குப் புரியும்படி எழுத வேண்டியிருந்தது. தெளிவாக எழுது என்று ஆசிரியர் சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று.

தமிழிலும் இந்த மரபு உண்டு. அச்சகம் எட்டாத காலத்தில் நம் மாணவர்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். அழகான கையெழுத்து உள்ளவன் எழுத, வரையத் தெரிந்தவன் படம் போட, ஒரே படி ஊரெல்லாம் சுற்றும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் இராயவரத்தில் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் கடியாபட்டிக்கு நடந்து போகும் வழியில் ஒரு சினிமா விளம்பரத்தைப் பார்த்து அவர் கட்டிய பாட்டை, உடன் வந்த பையன்கள் பாடிக்கொண்டே நடந்தார்கள் என்று அவர் வரலாறு சொல்கிறது. முதல் கவிதைக்கு அன்றே, அங்கேயே வாசகர் கிடைத்துவிட்டார்கள். பின்னாளில் ‘சக்தி’ இதழின் அலுவலகத்தில் காசாளராக இருந்தவரை, அதன் ஆசிரியர் தி.ஜ.ர. எழுதத் தூண்டினார். ‘ஆளுக்குப் பாதி’ என்ற முதல் கதை பிறந்தது. கணக்கு எழுதும் இளைஞனிடம் ஓர் எழுத்தாளன் இருப்பதை ஒருவர் கண்டுகொண்டதால் தமிழ்க் குழந்தைகளுக்கு ஒரு கவிஞர் கிடைத்தார். 1950இல் அவர் முன்னின்று குழந்தை எழுத்தாளர் சங்கத்தை அமைத்தபோது அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தினார் என்றே நான் கருதுகிறேன்.

ஆர்வியை ஆசிரியராகக் கொண்ட ‘கண்ணன்’ இதழ் நடத்திய போட்டியில் பரிசு பெற்ற ‘நந்திமலைச் சாரலிலே’ என்ற நாவலை எழுதியபோது எழுத்தாளர் அம்பை பதின்வயதுப் பெண். அந்த வாசல் அன்று திறந்திருந்தது. பிறகு குழந்தை இதழ்கள் ஒவ்வொன்றாக நின்றன. 1972இல் தொடங்கிய ‘கோகுலம்’ அச்சில் வருவதும் நின்றுபோனது. இந்நிலையில் 2022இல் பள்ளிக்கல்வித் துறை ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ ஆகிய இதழ்களைத் தொடங்கி மாணவர் படைப்புகளுக்கும் இடம் தந்தது நல்ல செய்தி. ஆனால் மாநிலத்துக்கு ஓரிரு இதழ்கள் போதா. வகுப்புக்கு ஓர் இதழ் வேண்டும். நான்கு தாளை மடித்துத் தைத்தால் போதும். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு அதை அனுப்பி, அங்கிருந்து பதில் வாங்கித் தந்தால் போதும்.

6. திருத்தம் அதற்குரிய நேரத்தில்

அப்படியானால் பிழையை விட்டுவிடுவதா என்று தமிழாசிரியர்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தச் சிறுமி ‘ஒழுகுற’ என்பதை ‘ஒலுகுற’ என்று எழுதியிருந்தாள். தாளை வாங்கியவுடன் அந்த லகரத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தால், அடுத்த முறை அவள் மழை உயிர்களின் ஆதாரம் என்றே எழுதுவாள். அதில் பிழை வராது. முதலில் அவள் சொன்னதற்குப் பதில் சொல்லுங்கள். துணியைப் போட்டதும் தம்பி தூங்கினானா என்று கேளுங்கள். பிறகு, இதைச் சுவரில் ஒட்டப்போகிறோம், எல்லோரும் படிப்பார்கள், வா சரிபார்ப்போம் என்று கூப்பிடுங்கள். லகர ளகர ழகரமும் ஒற்றும் அப்போது அவளுக்கே வேண்டியவை ஆகிவிடும். ‘எடத்துல’ என்ற பேச்சுநடையை அப்படியே விடலாமா, ‘இடத்தில்’ என்று மாற்றலாமா என்பதை அவளோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இத்தாலியில் பார்பியானா என்ற மலைக்கிராமத்தில் பாதிரியார் லொரென்சோ மிலானி நடத்திய பள்ளி இதற்குப் பெரிய சான்று. அரசுப் பள்ளிகளில் தோற்றுப்போன ஏழைப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். எட்டு மாணவர்கள் சேர்ந்து ஓர் ஆசிரியைக்கு எழுதிய கடிதம் 1967இல் நூலாக வந்து உலகெங்கும் படிக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தோன்றியதைத் துண்டுத்தாளில் குறித்துக்கொள்வார்கள். தாள்களை மேசைமேல் பரப்பி, திரும்ப வருவதை நீக்கி, பொருளுக்கேற்ப அடுக்குவார்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் கூடிப் பேசிச் செதுக்குவார்கள். தோல்வி என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள் அத்தனை பொறுமையோடு திருத்தினார்கள் என்றால், அவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தியும் கேட்க ஒரு வாசகரும் இருந்ததுதான் காரணம்.

7. எழுதப்படிக்கத் தெரியாத வீட்டிலும் கேட்பவர் உண்டு

எங்களுக்கே படிப்பு வராது, பிள்ளைக்கு என்ன செய்ய முடியும் என்று தயங்கும் பெற்றோருக்கு இதைச் சொல்கிறேன். நீங்கள் கேட்டால் போதும். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, கல் உடைத்தும் களை பறித்தும் திரும்பிய பெண்கள் மாலையில் கூடி உட்கார்ந்து வாசித்தார்கள். அவர்கள் கொண்டுவந்த பழமொழிக்கும் பாட்டுக்கும் விடுகதைக்கும் கற்பித்தவர்கள் காது கொடுத்தார்கள். மதிப்போடு கேட்கப்பட்டவர்கள் ஆர்வத்தோடு படித்தார்கள்.

பிள்ளை புத்தகத்தை எடுத்துவந்து பாட்டிக்கு வாசிக்கட்டும். பாட்டிக்கு எழுத்து தெரியாது. எனவே தப்பு கண்டுபிடிக்க மாட்டார். அப்புறம் என்னடா ஆச்சு என்று மட்டும் கேட்பார். வாசிக்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல துணை இல்லை. பாட்டி திருப்பிச் சொல்லும் கதையை அந்தப் பிள்ளை எழுதிவைத்தால் வீட்டிலேயே ஒரு நூல் உருவாகிவிடும்.

பெரியோர்களே,

கைப்பேசியையும் தேர்வையும் நான் மறக்கவில்லை. கைப்பேசி பிள்ளையோடு ஓயாமல் பேசுகிறது. பதிலுக்குப் பிள்ளை பேசுவதை நாம் கேட்க வேண்டும். தேர்வு பிள்ளையின் நினைவாற்றலைக் கேட்கிறது. அதன் மனதை நாம் கேட்க வேண்டும்.

எனவே இந்த மேடையிலிருந்து சில வேண்டுகோள்களை வைக்கிறேன். ஆசிரியர்களே, நாள்தோறும் ஒரு பாடவேளையில் பாதியையாவது ஒதுக்கிப் பிள்ளைகளுக்கு உரக்க வாசியுங்கள். முடிந்ததும் கேள்வி கேட்காதீர்கள். நூலகர்களே, குழந்தைகள் பகுதியின் அலமாரியைப் பிள்ளைகளின் கை எட்டும் உயரத்துக்கு இறக்கித் திறந்து வையுங்கள். பெற்றோர்களே, பிள்ளை எழுதியதைப் படித்துவிட்டு முதலில் அது சொன்ன செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள். அறக்கட்டளையாரே, உங்கள் நிதியில் ஒரு பங்கைக் கொண்டு இந்த வட்டாரப் பள்ளிகளின் பிள்ளைகள் எழுதியதை ஆண்டுக்கொரு தொகுப்பாக அச்சிடுங்கள். எழுதிய பிள்ளையின் பெயரும் ஊரும் வகுப்பும் அதில் இருக்கட்டும். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு என்னைப் போன்ற ஒருவரை அழைப்பதற்கு முன், அந்தத் தொகுப்பில் எழுதிய பிள்ளைகளை மேடையேற்றி வாசிக்கச் சொல்லுங்கள். நாம் அனைவரும் கீழே உட்கார்ந்து கேட்போம். அந்த ஆசிரியைக்கு இதைவிடச் சிறந்த நினைவஞ்சலி இருக்க முடியாது.